தோள் கொடுத்த எம்.பி.

வெள்ளிக்கிழமை என்றால் எம்.பி. ஆபீஸ் பெஞ்சு. அந்தப் பெஞ்சில் எந்தப் பலகை ஆடும், எந்த ஆணி பாவாடையைக் கிழிக்கும் என்பதெல்லாம் வினெட்டுக்கு அத்துப்படி. வெயில் ஏறுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தால், மதியத்துக்கு எம்.பி.யின் ஜீப் வரும். வராத நாளும் உண்டு. அன்றைக்கு உள்ளே டைப் அடிக்கும் பெண் வெளியே வந்து, "எம்.பி. தலைநகரத்துல, கிங்ஸ்டன்ல மாட்டிக்கிட்டாரு, அடுத்த வாரம் வாங்க" என்பாள். யாருக்கும் கோபம் வராது. பொட்டலத்தில் கொண்டுவந்த ரொட்டியையும் வறுத்த மீனையும் அங்கேயே தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார்கள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

வினெட்டுக்கு ஊர் டார்காஸ் கேப். ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஆறு. அதன் மேல் ஒரு பாலம் இருந்தது. ஒரு புயல் மழையில் பாலம் போயிற்று, போனது போனதுதான். தண்ணீர் வற்றிக் கிடக்கும் நாளில் கல்லுக்குக் கல் தாவிப் போய்விடலாம். மலையில் மழை பெய்துவிட்டால் கிழங்கு மூட்டை இந்தக் கரையில், வாங்க வந்த லாரி அந்தக் கரையில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஊர்ச் சங்கத்துக்கு வினெட் தலைவி. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து நாற்காலிகளை எடுத்துப் போடுகிறவள், கூட்டம் முடிந்ததும் அடுக்கி வைக்கிறவள், அவ்வளவுதான். மற்ற நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. அடுப்புச் சூட்டில் நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

அந்தப் பெஞ்சில் ஒரு விசித்திரம் உண்டு. பாலத்துக்காக என்று உள்ளே போகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வெளியே வருவதில்லை. ஆனால் பாலத்தோடும் வருவதில்லை. மாஸ் ஏரன் போனார். கிழவனார் ஊருக்கே மூத்தவர், அந்த மரியாதைக்குத்தான் 'மாஸ்'; குரல் எடுத்தால் மலையில் எதிரொலிக்கும். போன வேகத்தில் கண் ஆபரேஷனுக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு திரும்பினார். பக்கத்து வீட்டு இசில்டா போனாள். வரும்போது கூரைக்குத் தகரம் வரப்போகிறது என்று முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"பாலத்தைப் பத்திச் சொன்னியாடீ?" என்று கேட்டாள் வினெட்.

"சொன்னேன், சொன்னேன். அதைத்தான் முதல்ல சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரே கேட்டாரு, வீடெல்லாம் எப்படி இருக்கு இசில்டான்னு. பேரைச் சொல்லிக் கேட்டாரு வினெட். அப்படிக் கேக்கற மனுஷன்கிட்ட, கூரை பிரமாதமா இருக்குன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

அதுதான் எம்.பி. ராய்ஸ்டன் பென்னிகுக். ஆள் பெரிய உருவம், ஆனால் உள்ளங்கை பஞ்சு மாதிரி. தொகுதியில் யாருக்கு முட்டி வலி, யார் மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள் என்று எல்லாம் தலைக்குள் வைத்திருப்பார். பக்கத்தில் நின்று காதில் ஓதுவதற்கு ஆள் கிடையாது. நடிப்பும் கிடையாது. அதுதான் தொல்லையே. ஆள் மட்டும் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் டார்காஸ் கேப்புக்கு எப்போதோ பாலம் வந்திருக்கும் என்று வினெட் பல தடவை நினைத்திருக்கிறாள்.

அவள் மட்டும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஒரு தடவை எம்.பி.யே கேட்டார். கல்யாணமானவளானாலும் அங்கே எல்லாருக்கும் அவள் 'மிஸ்'தான்.

"மிஸ் வினெட், எல்லாரும் ஏதாவது கேக்கறாங்க. நீங்க மட்டும் உங்களுக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்களே."

"எனக்குன்னு கேக்கறதுதான் சார் பாலம்."

"பாலம் எப்பவும் என் மனசுல இருக்கு."

"மனசுல இருந்து ஆத்துக்கு எப்ப சார் இறங்கும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே வெளியே வந்து பஸ் ஏறிப் பாதி வழி போன பிறகுதான், அவர் பதிலே சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அதற்கப்புறம் ஆப்ரி செத்தான்.

ஆப்ரி அவள் புருஷன். அதிகம் பேசமாட்டான், டொமினோ ஆடும்போது மட்டும் கட்டையைப் பலகை அதிர அறைவான். மலையில் நல்ல மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஆறு செம்மண் நிறத்தில் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போனது. அந்தக் கரையில் டாக்ஸி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் ஹாரன் அடித்தபடி நின்றான். வெள்ளம் வடியும்வரை காத்திருந்தார்கள். வினெட் தன் மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு, இதோ குறையுது, இதோ குறையுது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் குறைந்தபோது டாக்ஸிக்கு வேலை இல்லை.

பாலம் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிழைத்திருக்க மாட்டான் என்றும் அவர் சொல்லவில்லை. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் வினெட் பல நாள் தூங்காமல் கிடந்தாள்.

ஊர் கொதித்தது. இளவட்டங்கள் பழைய டயர்களைச் சேர்த்தார்கள், யாரோ ஓட்டைக் குளிர்பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அடக்கம் முடிந்த கையோடு, திங்கட்கிழமை தார் ரோட்டை மறிப்பது என்று முடிவு. இந்த நாட்டில் ரோட்டில் டயர் எரிந்தால்தான் டி.வி.க்காரன் வருவான், டி.வி.க்காரன் வந்தால்தான் மந்திரிக்குக் காது கேட்கும். அதற்கு முன்னால் வினெட்டுக்கு ஒரு வேலை இருந்தது.

"சாவுக்கு எம்.பி. வருவாருல்ல, அங்க வச்சு கேக்கப்போறேன்" என்றாள் இசில்டாவிடம். "ஆபீஸ்ல கேட்டா சிரிச்சு மழுப்பிடறாரு. ஊர் முழுக்க உக்காந்திருக்கும்போது, ஆப்ரி பெட்டியில கிடக்கும்போது கேக்கறேன். தேதி சொல்லாம அவரால போக முடியாது."

"கேளு. நான் பின்னாலேயே நிக்கறேன்."

எம்.பி. வருவாரா என்ற சந்தேகமே யாருக்கும் இல்லை. கல்யாணத்துக்காவது அவரைக் கூப்பிட வேண்டும். சாவுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. சனிக்கிழமையானால் தொகுதியில் எந்தச் சர்ச்சில் மணி அடித்தாலும் கறுப்புக் கோட்டோடு முன்வரிசையில் இருப்பார். வராத எம்.பி.யை ஜனங்கள் அடுத்த தேர்தலில் மன்னிக்கமாட்டார்கள். பாலம் கட்டாதவரை மன்னித்துவிடுவார்கள்.

சர்ச் தார் ரோட்டுப் பக்கம். புதைப்பது ஊருக்குள், வீட்டுக் கொல்லையில், ஆப்ரியின் அப்பா அம்மா படுத்திருக்கும் இடத்தில். அதாவது பெட்டியும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும்.

சர்ச்சில் வினெட் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எம்.பி. சாயங்காலம் இன்னொரு சாவுக்குப் போக வேண்டும் என்று பாதிரியார் அவரை முதலில் பேசவிட்டார். அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆப்ரி தன்னை டொமினோவில் தோற்கடித்ததையும், தோற்ற பிறகு "எம்.பி.னா புள்ளி எண்ணத் தெரியணும்" என்று சொன்னதையும் சொன்னார். சனம் அழுதுகொண்டே சிரித்தது. அது நடந்ததே வினெட்டுக்குத் தெரியாது. ஆப்ரி வீட்டில் சொல்லவேயில்லை. தன் புருஷனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றை அந்த மனிதர் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகு, எழுந்து நின்று அவரைக் கேள்வி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. இங்கே வேண்டாம், ஆற்றங்கரையில் கேட்கலாம், தண்ணீரைக் காட்டிக் கேட்டால் இன்னும் சுருக்கென்று தைக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆற்றில் அன்றைக்கு முழங்கால் தண்ணீர். சவ வண்டி கரையோடு நின்றுவிட்டது. கல்லும் குழியுமாகக் கிடக்கிற இடம், ஜீப்கூட இறங்காது. தூக்க வந்த பையன்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் போன ஆப்ரியின் தம்பி மகன் கார்வெல் பாசிக் கல்லில் கால் வைத்தான். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் எம்.பி. ஷூவைக் கழற்றினார்.

கழற்றிய ஷூவை ஒரு கல்மேல் வைத்தார். பேன்ட்டைச் சுருட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கறுப்புக் கோட்டோடு தண்ணீரில் இறங்கி, கார்வெல்லை ஒதுக்கிவிட்டு, சாய்ந்த பக்கத்துக்குத் தன் தோளைக் கொடுத்தார். பெட்டி நிமிர்ந்தது. கரையில் யாரோ பாட்டு ஒன்றை எடுத்தார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, மூச்சிரைக்க, அவர் ஆப்ரியை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பாதிப் பேர் கையில் போன் உயர்ந்திருந்தது.

பெட்டியை இறக்கியதும் நேரே வினெட்டிடம் வந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கை இரண்டையும் அந்தப் பஞ்சுக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னால முடிஞ்சது இதான், மிஸ் வினெட்."

கேட்க வேண்டிய நேரம் அதுதான். ஊர் முழுக்க நின்றது, ஆறு பக்கத்திலேயே ஓடியது. இசில்டா பின்னால்தான் நின்றாள். வினெட் வாயைத் திறந்தாள்.

"ரொம்ப நன்றி சார்" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துபோயிற்று.

திங்கட்கிழமை ரோட்டை மறிக்க யாரும் வரவில்லை. கார்வெல் மட்டும் டயர் குவியலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டான். எம்.பி. ஆற்றில் பெட்டியோடு நடக்கும் வீடியோ லண்டன், டொரான்டோ வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் போன் போட்டு அழுதார்கள். இசில்டா அந்த டயர்களில் நாலைந்தை எடுத்துவந்து, வெள்ளையடித்து, மண் நிரப்பி வாசலில் குரோட்டன் செடி நட்டாள்.

சங்கக் கூட்டத்தில் பாலத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மாஸ் ஏரனே தடுத்தார்.

"தோள் குடுத்த மனுஷன்மா அவரு. கோட்டு நனையுமேன்னு பாத்தாரா? இதுக்கு மேல ஒரு மனுஷனை என்ன கேக்கறது?"

"பாலம் கேக்கலாம், மாஸ் ஏரன்."

"நீயா கேக்கப்போற? உன் புருஷனைத்தான் தூக்கினாரு."

அவள் எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். எடுத்துப் போடும் நாற்காலிகளும் குறைந்தன. கடைசியில் அவளும் இசில்டாவும் மட்டும் வந்த ஒரு நாளில், நாற்காலியே எடுக்காமல் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பெஞ்சுக்கும் அவள் போகவில்லை. எதைக் கேட்கப் போவது? நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தாயிற்றே.

தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டு விரலை மையில் முக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, யாருக்குப் போட்டாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. பென்னிகுக்குக்குத்தான் போட்டிருந்தாள். வேறு யாருக்குப் போட்டாலும் ஆப்ரியைத் தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கும் என்று கை அவருக்கே போட்டுவிட்டது. அன்றைக்குச் சோறு வடிக்கும்போது அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. விரல் மை போக நிறைய நாள் ஆயிற்று.

மாஸ் ஏரன் செத்தது அடுத்த மழைக்காலத்தில். வயதான சாவு, யார்மேலும் குறை சொல்ல முடியாது. சர்ச்சில் எம்.பி. பேசினார். ஆபரேஷனுக்குப் பிறகு கிழவனார் ஆபீசுக்கு வந்து, "இப்பத்தான் உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது, முன்னாடியே பரவாயில்ல" என்று சொன்னதைச் சொன்னார். சனம் சிரித்தது. வினெட்டும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியாத மாதிரிதான் அவர் எப்போதும் பேசுவார்.

ஆற்றங்கரைக்கு எல்லாரும் வந்தார்கள். பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கால் கடுக்கிறதே என்று வினெட் கொஞ்சம் ஒதுங்கி, எம்.பி.யின் ஜீப்பில் சாய்ந்து நின்றாள். அவர் வந்து பின்கதவைத் திறந்தார். அதன் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பிறகு உள்ளே கை விட்டு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்தார். முட்டிவரை வரும் பூட்ஸ், புத்தம் புதுசு, கறுப்பில் மஞ்சள் அடி. பக்கத்திலேயே மடித்து வைத்த மாற்று பேன்ட், ஒரு துண்டு.

"போன தடவை சூட்டு பாழாப்போச்சு" என்றார், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "வீட்டுக்காரி ஒரே திட்டு. அதான் வாங்கி வண்டியிலேயே போட்டுட்டேன். எப்பவும் தேவைப்படுமே."

"பாருடீ, தயாராவே வந்திருக்காரு. எந்த எம்.பி. இப்படி வருவான்?" என்று இசில்டா அவள் காதில் சொன்னாள். உண்மையாகவே நெகிழ்ந்துபோய்ச் சொன்னாள்.

வினெட் அந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கனமான ரப்பர். பல வருஷம் உழைக்கும். எப்பவும் தேவைப்படுமே என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எப்பவும் என்றால் இசில்டாவைத் தூக்கும்போது, கார்வெல்லின் அம்மாவைத் தூக்கும்போது, தன்னைத் தூக்கும்போது. பாலம் கட்ட நினைக்கிறவர் பூட்ஸ் வாங்கமாட்டார். அவர் ஏமாற்றவில்லை, பாவம். ஊரில் ஒவ்வொருவரையும் கடைசிவரை தோளில் சுமப்பது என்று மனதார முடிவு செய்திருக்கிறார். அதற்குப் பதிலாக ஊர் அவரிடம் எதையும் கேட்காது. இந்த ஏற்பாடு இரண்டு பக்கத்துக்கும் பிடித்துப்போயிருந்தது. அதற்கு முதல் கையெழுத்தைத் தானேதான் போட்டோம், ஒரு நன்றியால், என்று அவளுக்குப் புரிந்தது. கோபம்கூட வரவில்லை. அப்படி ஒரு அசதி வந்தது.

பெட்டி தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டது. எம்.பி. பூட்ஸ் தொப் தொப்பென்று சத்தமிட நடந்துபோய், முன்பக்கம் தோள் கொடுக்கக் குனிந்தார்.

"சார், நீங்க தூக்க வேண்டாம்" என்றாள் வினெட்.

அவர் நிமிர்ந்தார். "என்ன, மிஸ் வினெட்?"

"நீங்க தூக்கினா நாங்க நன்றி சொல்லணும் சார். நன்றி சொல்லிட்டா அப்புறம் வேற எதையும் கேக்க முடியல. நான் சொல்லிப் பாத்துட்டேன்."

யாரோ ஒருவர், சாவு வீட்டில் என்ன பேச்சு இது என்று முணுமுணுத்தார். எம்.பி.யின் முகம் சுருங்கியது; அடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"நான் மனசாரத்தான்..." என்றார்.

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன்."

அவள் சாவுக்குப் போட்டுவந்த நல்ல செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். பெண்கள் பெட்டி தூக்குவது வழக்கமில்லை. கார்வெல் அவளைப் பார்த்தான், பிறகு நகர்ந்து இடம் விட்டான். அவள் பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.

மாஸ் ஏரன் அவ்வளவு கனம் இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. மரம் எலும்பில் இறங்கியது, முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவிப் போனாள். அப்படியானால் அன்றைக்கு ஆப்ரி இதைவிடக் கனம் இருந்திருப்பான். அவன் இவரைவிடப் பெருத்தவன். எம்.பி. உண்மையாகவே கஷ்டப்பட்டுத்தான் தூக்கியிருக்கிறார் என்று நடு ஆற்றில் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அழுகை வந்தது. யாரும் பாட்டு எடுக்கவில்லை. தண்ணீர்ச் சத்தமும் மூச்சிரைப்பும்தான்.

ஊர்க்கரையில் பெட்டியை இறக்கியபோது அவளால் நிமிர முடியவில்லை. பாவாடை ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொண்டது, ஒரு செருப்பை ஆறு கொண்டுபோய்விட்டது. மெல்ல நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். எதிர்க்கரையில், பாதிக் கூட்டத்துக்கு நடுவில், ஈரம் படாத பூட்ஸோடு அவர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவரை அவள் இவ்வளவு தூரத்தில் நின்று பார்த்ததேயில்லை. இந்தத் தூரத்தில் அவருடைய கை அவள் கைக்கு எட்டாது.

"சார்," என்று கத்தினாள். "பாலம் எப்ப?"

ஆற்றுச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. காதில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கையைத் தூக்கி ஆட்டினார். பெட்டிக்குப் பின்னாலேயே தாண்டிவந்து ஊர்க்கரையில் நின்ற சனத்தில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் திருப்பி ஆட்டினார்கள். இசில்டாவும் கையைத் தூக்கினாள்; வினெட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

வினெட் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.